தீம் பார்க் டிக்கெட், குடும்பச் சுற்றுலாப் பேக்கேஜ்: செலவைக் குறைக்க முழுமையான வழிகாட்டி

குடும்பத்தோடு நான்கு நாள் வெளியூர் போக வேண்டும் என்றதும் பெரும்பாலானோர் முதலில் ஒரு டிராவல் ஏஜென்சிக்கு போன் போட்டு, "நாலு பேருக்கு எவ்வளவு ஆகும்?" என்று கேட்கிறார்கள். அடுத்து, தீம் பார்க் டிக்கெட்டுக்கு ஏதாவது கூப்பன் கோடு கிடைக்குமா என்று தேடுகிறார்கள். இரண்டும் தேவைதான், ஆனால் கடைசியில் செய்ய வேண்டியவை. கூப்பனால் மிச்சமாவது சில நூறு ரூபாய். தேதி, ரயில், வண்டி ஆகிய மூன்றையும் சரியான வரிசையில் முடிவு செய்தால் மிச்சமாவது ஆயிரங்களில்.

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்துக் குடும்பங்கள் அதிகம் போகும் ஒரு பயணத்தை இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்: கொச்சி வொண்டர்லா தீம் பார்க்கில் ஒரு நாள், அப்புறம் மூணாறு, பிறகு வீடு. பெங்களூரு பக்கம் பிடதியில் உள்ள வொண்டர்லா, 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் திறந்த சென்னை வொண்டர்லா, மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் என்று எங்கே போவதானாலும் வரிசை இதேதான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு அளவு நாடா, ஒரு நோட்டு, இரண்டு மாநிலங்களின் விடுமுறைப் பட்டியல், ஆதார் சரிபார்த்த ஐஆர்சிடிசி கணக்கு. இவ்வளவு போதும்.

ஐஆர்சிடிசி கணக்கை இப்போதே சரிபார்த்து வையுங்கள். முன்பதிவு திறக்கும் காலை 8 மணிக்கு உட்கார்ந்துகொண்டு ஓடிபி வரவில்லை என்று தவிப்பவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தப் பத்து நிமிடத்தில் நல்ல ரயில் நிரம்பிவிடும்.

அடையாள அட்டைகளையும் எடுத்து வையுங்கள். தாத்தா பாட்டிக்கு வயதைக் காட்டும் அட்டை, கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்குக் கல்லூரி அட்டை, இந்த ஆண்டு பொதுத்தேர்வு எழுதியவருக்கு ஹால் டிக்கெட். இவை ஒவ்வொன்றும் தள்ளுபடி. அசலை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் நுழைவாயிலில் வித்தியாசத் தொகையைக் கட்டச் சொல்வார்கள்.

2. பிள்ளைகளின் உயரத்தை அளந்து எழுதுங்கள்

வொண்டர்லாவில் குழந்தை டிக்கெட் வயதைப் பார்த்துக் கொடுப்பதில்லை, உயரத்தைப் பார்த்துத்தான். 85 சென்டிமீட்டருக்குக் கீழே இலவசம், 85 முதல் 140 வரை குழந்தை டிக்கெட், அதற்கு மேல் பெரியவர் டிக்கெட். "பத்து வயதுதானே" என்று குழந்தை டிக்கெட் எடுத்துவிட்டு, 143 சென்டிமீட்டர் பையனோடு வாசலில் நிற்பது புதிதாகப் போகிறவர்களுக்கு அடிக்கடி நேர்கிறது. வாசலில் செலுத்தும் வித்தியாசத்துக்கு ஆன்லைன் தள்ளுபடி கிடைக்காது.

ரயிலில் கணக்கு வேறு. அங்கே வயதுதான் அளவு. ஆகவே ஒவ்வொருவருக்கும் உயரம், வயது இரண்டையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

உயரத்தை அளப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெரிய ரோலர் கோஸ்டர்களில் பலவற்றுக்குக் குறைந்தபட்ச உயரம் இருக்கிறது. நீங்கள் போகும் பூங்காவின் இணையதளத்தில் ஒவ்வொரு ரைடுக்கும் அது போட்டிருக்கும். உங்கள் இரண்டு பிள்ளைகளும் 110 சென்டிமீட்டர்தான் என்றால் அவர்கள் ஏறக்கூடியவை எவை என்று எண்ணிப் பாருங்கள். பட்டியல் சிறியதாக இருந்தால், இந்த வருடம் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள தண்ணீர்ப் பூங்காவுக்குப் போய்விட்டு, பெரிய பூங்காவை இரண்டு வருடம் தள்ளிப்போடலாம். அந்த வயதுக் குழந்தைக்கு அலைக்குளம் கிடைத்தால் போதும், ரோலர் கோஸ்டர் எத்தனை உயரம் என்பது பொருட்டே இல்லை.

பெரியவர்களுக்கும் இதையே யோசியுங்கள். ஒரு ரைடிலும் ஏறாமல் பெஞ்சில் உட்காரப் போகும் பாட்டிக்கும் நுழைவு டிக்கெட் வேண்டும். அறுபது வயதுக்கு மேல் தள்ளுபடி உண்டு, ஆனால் இலவசம் இல்லை. இதயக் கோளாறு, இரத்த அழுத்தம் உள்ளவர்களைப் பல ரைடுகளில் ஏற்ற மாட்டார்கள். பாட்டியிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். வர ஆசை என்றால் அழைத்துப் போக வேண்டியதுதான். பலர் அந்த நாளை அறையில் ஓய்வாகக் கழிக்கவே விரும்புகிறார்கள், பிள்ளைகள் மனம் நோகுமே என்று சொல்லாமல் இருப்பார்கள்.

3. தேதியை முடிவு செய்வது

மொத்தச் செலவைத் தீர்மானிப்பது இந்தப் படிதான். பூங்கா டிக்கெட் வார நாளில் ஒரு விலை, சனி ஞாயிறிலும் விடுமுறை நாளிலும் வேறு விலை. ஹோட்டல் அறையும் அப்படியே. கூட்டம் உள்ள நாளில் ஒரு ரைடுக்கு முக்கால் மணி நேரம் நின்றால், கொடுத்த அதே காசுக்குப் பாதி ரைடுகள்தான் கிடைக்கும். அதைத் தாங்க முடியாமல் பலர் வரிசையைத் தாண்டிப் போகும் ஃபாஸ்ட் டிராக் டிக்கெட்டை வாங்குகிறார்கள். செவ்வாய்க்கிழமை போனவருக்கு அந்தச் செலவே இல்லை.

பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்கிறதே, வார நாளில் எப்படிப் போவது? இதற்குத்தான் இரண்டு மாநில விடுமுறைப் பட்டியல். நமக்கு விடுமுறையாக இருந்து, போகும் ஊரில் வேலைநாளாக இருக்கும் நாள்களைத் தேடுங்கள்.

நமது காலாண்டு விடுமுறை செப்டம்பர் கடைசியில் தொடங்குகிறது. கேரளாவில் ஓணம் விடுமுறை அதற்குள் முடிந்திருக்கும், பூஜை விடுமுறை ஒன்றிரண்டு நாள்தான். ஆகவே அந்த வாரத்தின் திங்கள், செவ்வாய் கொச்சிக்கு நல்ல நாள்கள். அதே காலத்தில் பெங்களூரு, மைசூர் பக்கம் போகாதீர்கள், அங்கே தசரா நெருங்குகிறது.

ஜூன் தொடக்கத்திலும் ஒரு சிறிய இடைவெளி கிடைக்கும். கேரளப் பள்ளிகள் ஜூன் முதல் நாள்களில் திறந்துவிடும், கர்நாடகத்தில் மே கடைசியிலேயே திறப்பார்கள். நம் பள்ளிகள் வெயிலால் சில ஆண்டுகள் தள்ளிப் போகின்றன. 2024-இல் ஜூன் 10 அன்றுதான் திறந்தன. கொச்சியில் அது மழை தொடங்கும் காலம். தண்ணீர் விளையாட்டுக்கு மழை ஒரு குறையில்லை, ஆனால் இடி மின்னல் வந்தால் உயரமான ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். அதற்கு மனம் தயாராக இருந்தால் மூணாறு அறை வாடகையும் அப்போது ஏப்ரல், மே மாதத்தைவிட நன்றாகக் குறைந்திருக்கும்.

பொங்கலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் அன்று எர்ணாகுளம் மாவட்டத்தில் வேலைநாள் என்பதால் பூங்காவில் கூட்டம் குறைவாக இருக்கும் என்று கணக்குப் போடலாம். ஆனால் நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி 20 வரை சபரிமலை சீசன். கேரளா போகும் ரயில்களில் இடம் கிடைப்பது கடினம், மூணாறோ நம் ஊர் வண்டிகளால் நிரம்பி வழியும்.

மூணாறையும் சேர்ப்பதானால், ஏப்ரல் மே, ஓணம், கிறிஸ்துமஸ் புத்தாண்டு ஆகிய மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். அப்புறம், ராஜமலையில் வரையாடு பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டால், ராஜமலை இருக்கும் இரவிகுளம் தேசியப் பூங்கா வரையாடுகள் குட்டி போடும் காலமான பிப்ரவரி, மார்ச்சில் வழக்கமாக மூடியிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். அப்போதும் பேக்கேஜ் தாளில் "ராஜமலை" என்று அச்சிட்டுத்தான் கொடுப்பார்கள்.

வாரத்தை எங்கே தொடங்குவது? ஞாயிறு காலை கிளம்பி புதன் இரவு திரும்புங்கள். ஞாயிறு பயணத்தில் போகும். திங்கள் பூங்கா. செவ்வாய் இரவு மூணாறு. விலை ஏறும் சனிக்கிழமை இரவு இந்தக் கணக்கில் வரவே வராது. வெள்ளி கிளம்பி திங்கள் திரும்புபவர் இதே பயணத்தின் ஒவ்வொரு இரவுக்கும் கூடுதலாகக் கொடுக்கிறார்.

4. ரயிலை முதலில் பிடியுங்கள்

பூங்கா டிக்கெட் வார நாளில் தீர்ந்துபோவது அபூர்வம். ஹோட்டல் ஒன்று இல்லையென்றால் இன்னொன்று. ரயில் இருக்கை மட்டும்தான் போனால் போனது. அதனால் தேதி முடிவானதும் அடுத்த வேலை ரயில்தான்.

2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 60 நாள்களுக்கு முன்பு திறக்கிறது. பழைய 120 நாள் கணக்கை இன்னும் மனதில் வைத்திருப்பவர்கள் நிறைய. காலண்டரில் கிளம்பும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி அந்தக் காலை 8 மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பும் பயணமும் ரயில் என்றால் அதற்கு முன்பதிவு சில நாள் கழித்துத்தான் திறக்கும், அதையும் தனியாகக் குறியுங்கள்.

குழந்தைக் கட்டணம்: ஐந்து வயதுக்குக் கீழே படுக்கை வேண்டாம் என்றால் டிக்கெட் தேவையில்லை. ஐந்து முதல் பன்னிரண்டு நிறையும் முன்பு வரை, தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம், வேண்டாம் என்றால் பாதி. கோவையிலிருந்து பகல் நேரத்தில் நான்கு மணி நேரத்துக்குப் பக்கமான பயணம்தான். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஸ்லீப்பரில் தனிப் படுக்கை கேட்கத் தேவையில்லை. ஆனால் இந்தப் பாதிக் கட்டண வசதி சேர் கார், இரண்டாம் வகுப்பு இருக்கை ஆகியவற்றில் கிடையாது. இது தெரியாமல் "சேர் கார்தான் மலிவு" என்று முடிவு செய்துவிடாதீர்கள், நான்கு பேருக்கும் கூட்டிப் பாருங்கள்.

இன்னொன்று. எர்ணாகுளம் வரை டிக்கெட் எடுக்காமல் ஆலுவாவில் இறங்கிக்கொள்ளுங்கள். வடக்கிலிருந்து போகும்போது ஆலுவா முதலில் வருகிறது. மெட்ரோவும் அங்கிருந்தே புறப்படுகிறது, மூணாறு போகும் சாலையும் அங்கிருந்துதான். பூங்கா இருக்கும் பள்ளிக்கரைக்கும் ஆட்டோவிலோ டாக்சியிலோ போய்விடலாம். மரைன் டிரைவ் பக்கம் அறை எடுத்தவர் தினமும் நகர நெரிசலில் போய்வருவதற்குக் கொடுக்கும் காசும் நேரமும் இங்கே மிச்சம்.

5. பேக்கேஜைப் பிரித்துப் பார்ப்பது

இப்போது ஏஜென்சிக்கு போன் போடலாம். விலையை மட்டும் கேட்காமல் பட்டியலாக எழுதி அனுப்பச் சொல்லுங்கள்: எந்த ஹோட்டல், எந்த வகை அறை, எந்தச் சாப்பாட்டுத் திட்டம், எந்த வண்டி, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், எதெல்லாம் சேராது. "அதே தரத்தில் வேறு ஹோட்டல்" என்று எழுதியிருந்தால் பெயரைக் கேட்டு வாங்குங்கள். பெயர் இல்லாத அறையின் விலையை ஒப்பிடவே முடியாது.

ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன். விலைகள் உங்கள் தேதிக்கு மாறும், கணக்குப் போடும் முறையைப் பாருங்கள். இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகள், மூன்று இரவு, கோவையிலிருந்தே காரோடு: பேக்கேஜ் 32,000 ரூபாய். அதற்கு 5 சதவீத ஜிஎஸ்டி 1,600. ஆக 33,600.

இதைப் பிரிப்போம். ஆலுவாவில் இரண்டு இரவு 2,500 வீதம், மூணாறில் ஒரு இரவு 3,500. மொத்தம் 8,500, வரியோடு 8,925. அடுத்தது வண்டி. வெளியூர் வாடகையில் ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் என்று கணக்கு வைப்பது வழக்கம். நான்கு நாளைக்கு 1,000 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 16 ரூபாய் என்றால் 16,000, டிரைவர் பேட்டா நாளுக்கு 500 வீதம் 2,000. ஆக வண்டி மட்டும் 18,000. அறையையும் வண்டியையும் கூட்டினால் 26,925. வரிக்கு முந்தைய 32,000-இல் மீதி 5,075 ரூபாய் ஏஜென்சிக்கு. நாலைந்து பேரோடு பேசி, ஏற்பாடு செய்து, வழியில் சிக்கல் வந்தால் போன் எடுக்கும் வேலைக்கு அது அநியாயமான தொகை இல்லை.

அப்படியானால் பணம் எங்கே போகிறது? கோவையிலிருந்து ஆலுவா, பூங்கா, மூணாறு, உள்ளூர் சுற்றல், உடுமலை வழியாகத் திரும்புதல் எல்லாம் சேர்த்தே வண்டி ஓடுவது 550 முதல் 600 கிலோமீட்டர்தான். பூங்கா நாளில் காலையிலிருந்து மாலை வரை கார் பார்க்கிங்கில் நிற்கிறது. அன்றைக்கும் 250 கிலோமீட்டருக்குப் பணம், பேட்டாவும் உண்டு. ஏஜென்சியிடம் ஆயிரம் ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறோம், ஓடாத 400 கிலோமீட்டருக்கு 6,400 ரூபாய் கொடுப்பது நம் கண்ணில் படுவதில்லை.

வண்டியை வேண்டிய இடத்துக்கு மட்டும் எடுத்தால் இப்படி வரும்: ரயில் 800, ஆலுவாவில் ஆட்டோ, டாக்சி, மெட்ரோ 1,500, ஆலுவாவிலிருந்து மூணாறுக்கு ஒருவழி டாக்சி 5,000, மூணாறில் சுற்றிப் பார்க்க 2,500, உடுமலை வழியாகப் பேருந்தில் கோவை 1,000. மொத்தம் 10,800. அறை வாடகை 8,925-ஐச் சேர்த்தால் 19,725. பேக்கேஜோடு வித்தியாசம் 13,875 ரூபாய். மூணாறு டிப்போவிலிருந்து கேரள அரசுப் பேருந்துக் கழகம் சுற்றிப் பார்க்கும் பேருந்துகளை இயக்குகிறது. அதில் ஏறினால் அந்த 2,500-உம் குறையும்.

இரண்டு கணக்கிலும் பூங்கா டிக்கெட் இல்லை, கவனியுங்கள். பேக்கேஜ் தாளில் "வொண்டர்லா விசிட்" என்று இருக்கும். விசிட் என்றால் வாசலில் இறக்கிவிடுவார்கள் என்று பொருள். "நுழைவுக் கட்டணம் உட்பட" என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். டோல், பார்க்கிங், தமிழ்நாட்டு வண்டி என்றால் கேரளா பர்மிட், இரவில் டிரைவர் தங்கும் செலவு ஆகியவற்றையும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். "எல்லாம் சேர்த்துதான் சார்" என்ற வாய்வார்த்தையை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

முழுநேர வண்டி எப்போது சரி? ஆறேழு பேர் இன்னோவாவில் போனால் தலைக்கு வரும் செலவு ரயில், டாக்சி, பேருந்துச் செலவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். கைக்குழந்தை, முட்டி வலியுள்ள பெரியவர் இருந்தால் வண்டி ஒரு நிம்மதி, அதைக் காசில் அளக்க வேண்டாம். அப்போதும் பூங்கா நாளைத் தவிர்த்து, மூணாறுப் பகுதிக்கு மட்டும் வண்டி எடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

6. அறை

ஹோட்டல் தாளில் சிபி என்றால் காலை உணவோடு, மேப் என்றால் காலையோடு இன்னொரு வேளையும், ஏபி என்றால் மூன்று வேளையும். பூங்காவுக்குப் போகும் நாளில் மதிய உணவு உள்ளேதான் சாப்பிட முடியும். ஆகவே ஏபி எடுத்தால் அந்த மதியம் வீண். ஆலுவாவுக்கு சிபி போதும். மூணாறில் ஊருக்கு வெளியே, எஸ்டேட் நடுவில் அறை எடுத்தால் மட்டும் இரவு உணவோடு எடுங்கள், ராத்திரி சாப்பாட்டுக்காக மலைப்பாதையில் டாக்சி பிடிப்பது அதைவிடச் செலவு.

2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18. பழைய 12 சதவீதத்தை யாராவது போட்டிருந்தால் கேளுங்கள். 7,400-க்கும் 7,700-க்கும் வாடகை வித்தியாசம் 300 ரூபாய்தான். வரியோடு முறையே 7,770, 9,086. ஒரே அறைக்குப் பதில் இரண்டு சாதாரண அறைகள் எடுத்தால் மலிவாக வரும் இடங்களும் உண்டு.

குழந்தைக்குக் கூடுதல் படுக்கை வேண்டுமா, வேண்டாமா என்று பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். சில இடங்களில் படுக்கை கேட்காவிட்டாலும் குறிப்பிட்ட வயதுக்கு மேல் பணம் கேட்பார்கள். இணையதளத்தில் கண்ட விலையைக் குறித்துக்கொண்டு ஹோட்டலுக்கே நேரடியாக போன் செய்து, "இந்த விலைக்குக் காலை உணவும் தருவீர்களா?" என்று கேளுங்கள். இணையதளத்துக்குக் கொடுக்கும் கமிஷன் அவர்களுக்கு மிச்சம் என்பதால் பல சமயம் சம்மதிப்பார்கள்.

அதிகாலை ரயிலில் இறங்குபவர்கள் செய்யும் தவறு ஒன்று: அறை மதியம்தான் கிடைக்கும் என்பதை மறந்து, ஒரு நாள் முன்னதாகவே அறை எடுத்துவிடுவது. பெரிய ரயில் நிலையங்களில் பிஎன்ஆர் எண்ணைக் கொண்டு ஓய்வறையைச் சில மணி நேரத்துக்கு முன்பதிவு செய்யலாம். குளித்து உடை மாற்ற அது போதும்.

7. பூங்கா டிக்கெட் வாங்குவது

தேதி, ரயில், அறை மூன்றும் முடிந்த பிறகுதான் இந்தப் படி. டிக்கெட்டை முதலில் வாங்கிவிட்டால் பணம் திரும்பக் கிடைக்காத ஒரு தேதியில் மாட்டிக்கொள்வீர்கள். ரயில் கிடைக்காவிட்டால் அதிக விலைக்கு டாக்சி பிடித்தாவது போகத் தோன்றும்.

பூங்காவின் சொந்த இணையதளத்தைத் திறந்து, உங்கள் தேதியைப் போட்டு விலையைப் பாருங்கள். விளம்பரத்தில் "முதல்" என்று போட்ட விலை மலிவான நாளுக்கானது. காட்டும் தொகையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று கடைசித் திரை வரை போய்ப் பாருங்கள், தீம் பார்க் நுழைவுக்கு அது 18 சதவீதம்.

அடுத்து, உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தும் சலுகைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்: ஆன்லைன் முன்பதிவு, மாணவர் அட்டை, பொதுத்தேர்வு ஹால் டிக்கெட், மூத்த குடிமக்கள், பிறந்தநாள், வங்கி அட்டை. பெரும்பாலும் ஒரு டிக்கெட்டுக்கு ஒரு சலுகைதான். ஆனால் ஒரே குடும்பத்தில் ஆளுக்கு ஒரு சலுகை பொருந்தலாம். நான்கு பேருக்கும் ஒரே பதிவாகப் போடாமல், கல்லூரி போகும் அக்காவுக்கு மாணவர் டிக்கெட், மற்றவர்களுக்குச் சாதாரண ஆன்லைன் டிக்கெட் என்று பிரித்துப் போட்டால் மொத்தம் குறையும். பலரும் இதைச் செய்வதில்லை.

பதிவை முடிக்கும் முன் தேதி மாற்றும் விதியைப் படியுங்கள். குழந்தைகளோடு போகும் பயணத்தில் காய்ச்சல் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. தேதி மாற்ற இடம் கொடுக்கும் டிக்கெட்டுக்கு ஐம்பது ரூபாய் கூடக் கொடுக்கலாம்.

சாப்பாட்டோடு சேர்ந்த காம்போ டிக்கெட் எடுக்கலாமா? உள்ளே உணவு விலை என்ன என்று தனியாகப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சிறுபிள்ளைகள் பஃபேயில் இரண்டு கரண்டி சோறுதான் சாப்பிடுவார்கள். பெரியவர்களுக்கு மட்டும் காம்போ எடுத்தால் போதுமா என்று பாருங்கள்.

8. பூங்கா நாள் அன்று

உள்ளே போன பிறகு செலவாகும் பணம், முந்தைய நாள் பையில் எதைப் போடவில்லை என்பதைப் பொறுத்தது.

உடைதான் முதல் இடம். தண்ணீர் ரைடுகளில் பருத்தி, ஜீன்ஸ், புடவை, சுடிதார் அனுமதி இல்லை. நைலான், லைக்ரா போன்ற செயற்கை இழைத் துணிதான் வேண்டும். இதைத் தெரியாமல் வந்த குடும்பங்கள் உள்ளே இருக்கும் கடையில் எல்லோருக்கும் வாங்குகின்றன. ஊரிலேயே ஜவுளிக்கடையில் வாங்கிக்கொள்ளுங்கள், அம்மாவுக்கும் சேர்த்து. அம்மாவுக்கு மட்டும் உடை எடுக்காமல் வந்து, அவர் நாள் முழுக்கப் பை காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கேட்பதில்லை. அவருக்கும் அதே டிக்கெட் காசுதானே கொடுத்திருக்கிறோம்.

துண்டு, மாற்றுடை, போனுக்கு நீர் புகாத உறை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே லாக்கர் எடுங்கள்.

வெளி உணவை உள்ளே விட மாட்டார்கள். காலை உணவை அறையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, திறக்கும் நேரத்துக்கு வாசலில் இருங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் பெரிய ரைடுகளை முடித்துவிடலாம், அப்போது வரிசை குறைவு. தண்ணீர் விளையாட்டுகளுக்குத் திறக்கும் நேரமும் மூடும் நேரமும் தனியாக இருக்கும், வாசலிலேயே கேட்டுக்கொண்டு நனையும் வேலையை மதியத்துக்கு வையுங்கள். நனைந்துவிட்டுப் பிறகு உலர் ரைடுக்கு வருவதும், மறுபடி நனைவதும் நேரத்தைத் தின்னும். நேரம் போகிறதே என்ற பதற்றத்தில்தான் பகல் 2 மணிக்கு ஃபாஸ்ட் டிராக் வாங்கத் தோன்றும்.

கொச்சி பக்கம் இன்னும் அரை நாள் மிச்சமிருந்தால், உயர்நீதிமன்றப் படகுத்துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு வாட்டர் மெட்ரோவில் போய்வாருங்கள். 2023-இல் தொடங்கிய இந்தப் படகில் கட்டணம் சில பத்து ரூபாய்தான். பேக்கேஜில் "போட்டிங்" என்ற பெயரில் தலைக்குச் சில நூறு வாங்கிக்கொண்டு காட்டும் அதே காயலை இதில் பார்க்கலாம்.

9. முன்பணமும் ஏமாற்றுகளும்

பாதி விலையில் பூங்கா டிக்கெட் என்று வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பைத் தொடாதீர்கள். பூங்காவின் பெயரைப் போலவே எழுத்து மாற்றிப் பதிவு செய்த போலித் தளங்கள் உண்டு. முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள். தனிநபர் பெயரில் வரும் யுபிஐ எண்ணுக்கு முழுப் பணத்தையும் அனுப்பச் சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு தூரம் பணத்தை முடக்க வாய்ப்பு.

மாலில் சீட்டு நிரப்பிக் கொடுத்ததற்கு "மூன்று நாள் இரண்டு இரவு இலவசம்" என்று போன் வந்தால், அதற்காகக் கணவன் மனைவி இருவரும் ஒரு ஹோட்டலுக்கு வர வேண்டும் என்பார்கள். அங்கே விற்பது பல வருட உறுப்பினர் திட்டம். அன்றைக்கே கையெழுத்துப் போட்டால்தான் இந்த விலை என்று அவசரப்படுத்துவார்கள். குடும்பத்தில் யார் யார் எந்த வாரம் விடுப்பு எடுக்க முடியும் என்பதே தெரியாத நிலையில் பல வருடத்துக்கு முன்கூட்டியே பணம் கட்டக் கூடாது. இலவச இரவுக்கும் பயணச் செலவும் பராமரிப்புக் கட்டணமும் உங்களுடையதுதான்.

ஏஜென்சிக்குக் கொடுப்பதாக இருந்தால் கால் பங்கு முன்பணம், ஹோட்டல் உறுதிச் சீட்டு வந்ததும் இன்னொரு பங்கு, மீதி பயணத்தின்போது என்று பேசுங்கள். உறுதிச் சீட்டு வந்ததும் ஹோட்டலுக்கு நீங்களே போன் செய்து உங்கள் பெயரில் பதிவு இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். பேசியபடி நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கு அந்த வாட்ஸ்அப் எழுத்துகள்தான் சாட்சி, அழித்துவிடாதீர்கள்.

10. டிக்கெட்டைத் தூக்கிப் போடும் முன்

சம்பளத்தில் எல்டிஏ (விடுப்புப் பயணப் படி) இருந்து, வருமான வரியைப் பழைய முறையில் கட்டுபவராக இருந்தால், ரயில் டிக்கெட்டையும் பேருந்து டிக்கெட்டையும் பத்திரப்படுத்துங்கள். இந்தியாவுக்குள் பயணக் கட்டணத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. அறை, சாப்பாடு, பூங்கா டிக்கெட் சேராது. நான்காண்டுத் தொகுதிக்கு இரண்டு பயணங்கள், இப்போது நடப்பது 2026 முதல் 2029 வரையான தொகுதி. பேக்கேஜாகப் போனவர்கள் பயணக் கட்டணத்தைத் தனியாகக் காட்டும் பில்லை ஏஜென்சியிடம் ஊர் திரும்பும் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள், பிறகு கேட்டால் கிடைப்பது கஷ்டம். புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்த விலக்கு இல்லை.